ஊவா மலைப்பாதை: எருதின் நடையும் மோட்டாரின் வேகமும்

ஊவா மலைநாட்டின் தென்விளிம்பிலே, எல்ல என்னும் சிற்றூருக்கு அணித்தாக, மலைத்தொடர் இருகூறாய்ப் பிளந்து நிற்கின்றது. அப்பிளவினூடே நோக்குவார்க்குத் தென்னிலங்கைச் சமவெளி கடற்கரைவரை விரிந்து கிடப்பது தோன்றும். எல்லக் கணவாய் என வழங்கும் அவ்விடத்தின் வழியே ஒரு வீதி இறங்கிச் செல்கின்றது. கும்பல்வெலைச் சந்தியிற் பிரிந்து, எல்லவைக் கடந்து, இராவணன் அருவியின் அடியைத் தொட்டு வெல்லவாயவை அடையும் அவ்வீதி இன்று ஏ 23 எனக் குறிக்கப்படுகின்றது. எல்ல கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே உள்ளது. வெல்லவாய இருநூறு மீற்றர் அளவிலேயே உள்ளது. ஏறக்குறைய எண்ணூறு மீற்றர் உயரத்தை இருபத்தேழு கிலோமீற்றர் தூரத்தில் இறங்கித் தீர்க்க வேண்டிய பாதை இது.

2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆந் திகதி இரவு, தங்காலை நகரசபை ஊழியரும் அவர்தம் குடும்பத்தினரும் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் வண்டியொன்று இவ்வீதியில், எதிரே வந்த வாகனமொன்றுடன் மோதி, ஓரத்துத் தடுப்பையும் உடைத்துக்கொண்டு பெரும்பள்ளத்தில் வீழ்ந்தது. பதினைவர் மாண்டனர். அடுத்த நாள் முதல் நாடெங்கும் இரண்டு குரல்கள் எழுந்தன. சாரதியின் வேகத்தைப் பழித்தது ஒன்று. வீதியின் ஒடுக்கத்தைப் பழித்தது மற்றொன்று. முன்னது சட்டத்தைக் கடுமையாக்குக என்றது. பின்னது வீதியை அகலமாக்குக என்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், இவ்வீதி யாருக்காக, எந்த வேகத்துக்காக வெட்டப்பட்டது என்ற வினாவை எழுப்பினார் மிகச் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரிகளின் மாணவர் ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலாவென்று இம்மலைகளுக்கே பஸ்ஸேறுகின்றனர் ஆதலின், இது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவுமன்று.

ஆங்கிலேயர் வருமுன் ஊவாவில் வீதிகள் இல்லை, பாதைகள் இருந்தன. அம்பாந்தோட்டை உப்பளங்களிலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகிலேறிக் கணவாய்களின் வழியே மலைக்கு வந்தன; பாக்கும் மலைநாட்டுப் பிற விளைபொருள்களும் அவ்வழியே இறங்கின. பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பர். அதனை நடத்தியோர் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர். தவளத்துக்கு அகலம் வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மாடுகள் நடக்க ஒற்றையடிப் பாதை போதும். கண்டி அரசரும் அகன்ற வீதிகளை விரும்பினாரல்லர். காடும் ஒடுங்கிய கணவாய்களுமே அவர்தம் அரண்களாய் இருந்தன.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1817இல், ஊவாவிலும் வெல்லசையிலும் பெருங்கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்த உதவி வதிவிடப் பிரதிநிதி வில்சன் என்பார் கொல்லப்பட்டார். 1818இல் கிளர்ச்சியை அடக்குவதற்கு ஊர்களும் வயல்களும் பழமரங்களும் அழிக்கப்பட்டன. இதிலிருந்து ஆட்சியாளர் கற்ற பாடம், கோட்டையினும் வீதியே வலிய காவல் என்பது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி அமைந்தது. அவ்வேலையின் ஒரு பகுதியை 1820இல் மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டவர் தோமஸ் ஸ்கின்னர் என்னும் பதினாறு வயது இராணுவ அதிகாரி. அவர் பொறியியற் கல்லூரி எதனையும் கண்டவரல்லர்; மலையே அவருக்குப் பள்ளியாயிற்று. 1867இல் அவர் ஓய்வுபெற்ற காலத்தில் இலங்கையில் ஏறக்குறைய மூவாயிரம் மைல் நீள வீதிகள் இருந்தன.

இவ்வீதிகளை வெட்டிய கைகள் யாருடையவை? முதலில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் அழைக்கப்பட்ட கண்டிக் குடிமக்களுடையவை. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதன்முன்னும் பின்னும் தென்னிந்தியத் தமிழர் பலர் பயனியர் படைகளிற் சேர்க்கப்பட்டு வீதி வேலையில் அமர்த்தப்பட்டனர். மலையகத் தமிழரின் வரலாற்றைக் கோப்பித் தோட்டத்திலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அது முழுமையன்று. தோட்டத்துக்கு முன்னே வீதி இருந்தது. வீதியில் முன்னரே தமிழன் கையில் மண்வெட்டி இருந்தது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் ஆட்சியில் இயற்றப்பட்ட வீதிச் சட்டமோ, வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என விதித்தது. ஒழிந்த இராசகாரியம் வேறு பெயரில் மீண்டதெனவே மக்கள் கொண்டனர். அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சியின் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஊவாவைப் பொறுத்தவரை முதன்மையாகக் கூறப்படும் பெயர் மேஜர் றொஜேர்ஸ் என்பது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராய்ப் பதினோராண்டு பணியாற்றிய இவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற கொடும்புகழும் உடையவர். 1845 யூன் 7ஆந் திகதி அப்புத்தளையில் இடி வீழ்ந்து இறந்தார். யானைகளின் சாபம் என்று அக்காலத்தார் பேசிக்கொண்டனர். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த சென் மார்க் தேவாலயம் இன்றும் உள்ளது. யானைத்தடமே மலைப்பாதைக்கு முதல் வரைபடமாயிற்று என்று பல எழுத்தாளர் கூறுவர். மலையிற் சாய்வு குறைந்த வழியைத் தேர்வதில் யானைக்கு நிகரில்லை என்பதனால், அக்கூற்றை வெறுங்கதையென ஒதுக்கவேண்டியதில்லை.

இனி முதன்மையான செய்திக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டு வீதியின் அளவுகோல் யாது? அது எருது. கோப்பியையும், 1870களில் இலைநோயால் கோப்பி அழியத் தொடங்கிய பின் தேயிலையையும், மேலிருந்து கீழே கொணர்ந்தது இரட்டை மாட்டுக் கரத்தை. அரிசியை மேலே கொண்டுசென்றதும் அதுவே. சுமையேற்றிய கரத்தை மணிக்கு இரண்டு மைல் நடக்கும். அதனை இழுக்கும் மாடு எந்தச் சாய்வில் மூச்சிரைத்து நிற்குமோ அதனினும் குறைந்த சாய்வே வீதியின் சாய்வு. கரத்தை திரும்பக்கூடிய அளவே வளைவின் அளவு. எதிர்ப்படும் இரண்டு கரத்தைகள் ஒதுங்கிச் செல்லக்கூடிய அகலமே வீதியின் அகலம். மலையைக் குடைவதற்குப் பணமும் வெடிமருந்தும் மிகுதியாக வேண்டியிருந்தமையால், பாதை மலையின் மடிப்புகளைத் தழுவி உள்ளும் புறமுமாக வளைந்து வளைந்து சென்றது. மணிக்கு இரண்டு மைல் செல்வோனுக்கு அவ்வளைவுகள் இடரல்ல. சற்று இளைப்பாறும் இடங்கள். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்னும் மலைப்பாதை மரபிற்கும் இத்தகைய காரணமே உண்டு: ஏற்றத்தில் ஒருமுறை நின்ற கரத்தையை மீண்டும் நகர்த்துதல் அரிது.

அந்த வளைவுகளிற் பெரும்பாலானவை இன்றும் உள்ளன. அவற்றின்மேல் தார் பூசினோம், ஓரத்தில் வெள்ளைக்கோடு இட்டோம், இலக்கம் கொடுத்தோம். வழியின் போக்கை மாற்றினோமல்லோம்.

புகையிரதப் பாதை அமைத்தோர் கதை வேறு. 1885இல் நானுஓயாவை அடைந்த இருப்புப்பாதை 1894இல் பண்டாரவளைக்கு வந்தது; பதுளையை அடைய 1924 ஆயிற்று. முப்பது ஆண்டு தாமதத்துக்குப் போரும் பணமும் மட்டுமன்றி மலையும் காரணம். இயந்திரவண்டி எருதைப்போல் வளைந்து நெளியாது. குறித்த சாய்வினும் செங்குத்தான இடத்தில் இறங்கவும் மாட்டாது. ஆதலின் பொறியியலாளர் மலையோடு பேரம் பேசினர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே கல்லும் செங்கல்லும் சீமெந்துங் கொண்டு 1921இல் ஒன்பது வளைவுப் பாலம் முடிந்தது. தெமோதரையிலோ, பாதையை வட்டமாகச் சுழலவிட்டு, புகையிரத நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாக நுழையச்செய்தனர். கங்காணியொருவர் தலைப்பாகையைக் கழற்றி மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே துரைக்கு இந்த எண்ணம் தோன்றியதென்பது தோட்டங்களில் வழங்குங் கதை. எழுத்துச்சான்று இல்லாவிடினும், தலைப்பாகைக்கு உரியவனையும் பாதைக்கு உரியவனாக்கிய அக்கதையை நாம் இழக்கவேண்டியதில்லை. ஈண்டுக் கருதவேண்டியது இது: செங்குத்தைத் தூரத்தால் வெல்வது என்னும் முறையை இருப்புப்பாதைக்குச் செய்தோம். மோட்டார் வீதிக்கு அவ்வாறு செய்யவில்லை. எருது விட்டுச்சென்றதையே எடுத்துக்கொண்டோம்.

மோட்டார் வண்டி 1902இல் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன்பே இங்கிலாந்தில் வேகத்தைப் பற்றிய வழக்கு நெடுங்காலம் நடந்திருந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் வீதியில் ஓடும் இயந்திர ஊர்திக்கு ஊருக்குள் மணிக்கு இரண்டு மைலும் வெளியே நான்கு மைலுமே அளித்தது; முன்னால் ஒருவன் செங்கொடியேந்தி நடக்கவும் வேண்டும். 1896இல் எல்லை பதினான்கு மைலாயிற்று; 1903இல் இருபது. 1930இல் மோட்டார்க் கார்களுக்கு எல்லையே வேண்டாமென நீக்கினர். ஐந்தாண்டு கழியுமுன் சாவுகளைக் கண்டு அஞ்சி, 1935இல் குடியிருப்புகளுள் முப்பது மைல் என மீண்டும் விதித்தனர். வேக எல்லை என்பது இயற்கை நியதியன்று. ஒரு சமுதாயம் எத்தனை உயிரை எத்துணை விரைவுக்கு ஈடாகக் கொடுக்க இசைகின்றது என்பதன் கணக்கு என்பதற்கு இவ்வரலாறு போதிய சான்று.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், அவற்றின் வெளியே இலகு வாகனங்களுக்கு 70, முச்சக்கர வண்டிக்கு 40, அதிவேக நெடுஞ்சாலையில் 100 என எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. இவை சமநிலத்துக்கு ஏற்றவை. எல்லவின் கீழுள்ள வளைவொன்றில் 70 என்பது எல்லையாகாது. அது சாவுக்கு எழுதிய அனுமதி. சாய்வுக்கும் வளைவுக்கும் ஏற்ப அவ்வவ்விடத்து எல்லையை வரையறுத்து எழுதிவைத்தலே முறை.

இதனைக் கணக்கிட்டுக் காட்டுதல் மாணவர்க்குப் பயன்படும். வேகம் இரட்டித்தால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும் என்பது யாவரும் அறிந்தது. மலையிறக்கத்தில் இதனினும் கொடியதொன்று உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டியைச் சமநிலத்தில் ஒருமுறை நிறுத்தினால் பிறேக்கிற் பிறக்கும் வெப்பம் ஒரு பங்கு என்க. அதே வண்டி எண்ணூறு மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது கழிக்கவேண்டிய சக்தி அப்பங்கின் ஏறத்தாழ ஐம்பத்தாறு மடங்கு. வண்டி பெரிதோ சிறிதோ இவ்விகிதம் மாறாது. இவ்வளவையும் பிறேக்கே தாங்க முயன்றால் அது காய்ந்து பிடிப்பிழக்கும். பின்னர் எத்துணை மிதித்தும் பயனில்லை. ஆதலினாலேயே தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் இழுவையாலேயே இறங்க வேண்டும் என்பது மலைநாட்டுச் சாரதிகள் வழிவழியாகக் கைக்கொண்ட விதி. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று அவர்கள் சொல்வர். சமவெளிச் சாரதிக்கு இவ்விதியைக் கற்பிப்பார் யார்? கொழும்பிலிருந்து காலி வழியே அம்பாந்தோட்டை வந்து வெல்லவாயவில் முடியும் ஏ 2 வீதியில் நேர்ப்பாதையில் ஓடிப் பழகியவர், வெல்லவாயச் சந்தியைத் தாண்டியதும் வேறொரு நூற்றாண்டினுள் நுழைகின்றார். அதனை அவருக்கு உணர்த்தும் வாயிற்காவலன் அங்கே இல்லை.

சாரதியின் ஒழுக்கத்தைப் பேசுவோர், அவ்வொழுக்கம் எங்கே உருவாயிற்று என்பதையும் பேசுதல் வேண்டும். 1958 சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. சபையின் சாரதிக்கு மாதச் சம்பளம். ஒரு பயணி கூடினாலும் குறைந்தாலும் அவர் அடுப்பெரிவதில் வேறுபாடில்லை. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. நாள் வசூலில் உரிமையாளர் பங்கு போக எஞ்சியதே சாரதிக்கும் நடத்துனருக்கும் என்ற வழக்கம் பரவிற்று. அடுத்த தரிப்பில் நிற்கும் பத்துப்பேரை முன்னால் ஓடும் பஸ் ஏற்றிக்கொள்ளுமுன் நாம் ஏற்றவேண்டும் என்ற எண்ணமே வளைவில் முந்தச் செய்கின்றது. இதனைச் சாரதியின் குணக்கேடு என்று மட்டும் கூறுவது எளிது. கூலிமுறையின் விளைவு என்பது பொருந்தும். எனினும் நேர்மையாகச் சொல்லின், சபையின் வண்டிகளும் குற்றமற்றவையல்ல. 2025 மே 11ஆந் திகதி கொத்மலைப் பகுதியில் கெரண்டிஎல என்னுமிடத்திற் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது சபையின் பஸ்ஸே. கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்கு இரவுநேரத்தில் புறப்பட்ட வண்டி அது. அளவுக்கு மிஞ்சிய கூட்டமும் நெடும்பயணமும் எவ்வுடைமையிலும் ஒன்றே.

இனி, அகலமாக்கலைப் பற்றி. 2021 மார்ச் 20ஆந் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ், பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்குக்குக் குறையாதோர் இறந்தனர். அவ்விடத்தில் மலையிலிருந்து சரிந்த பெரும் பாறையொன்று வீதியின் ஒருபக்கத்தை அடைத்துக் கிடந்தது. எஞ்சிய ஒடுக்கத்தில் எதிர்வந்த வாகனத்துக்கு இடமளிக்க முயன்றபோதே பஸ்ஸின் சக்கரம் ஓரத்தை இழந்தது. வீதியின் ஒடுக்கமே கொன்றது என்று ஒருவர் கூறலாம். ஆனால் அங்கே அகலம் இருந்தது. பாறை அதன்மீது இருந்தது. பாறையை அகற்றாமை என்பது பொறியியற் குறையன்று, கவனக்குறை. அகலமாக்கும் திட்டம் எதுவும் அதற்கு மருந்தாகாது.

மலைச்சரிவில் வீதியை அகலமாக்குவதென்றால் இரண்டே வழிகள்: உட்புறத்து மலையடியை வெட்டுவது, வெளிப்புறத்தில் மதிலெழுப்பி மண் நிரப்புவது. மலையடியை வெட்டினால் மேலுள்ள மண் தன் தாங்குதலை இழக்கின்றது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட நாள் முதலாகவே ஊவாச் சரிவுகள் நோயுற்றவை. 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாச் சூறாவளியின்போது பதுளை மாவட்டத்து வீதிகள் பல இடங்களில் அறுந்தன. அம்மழைக்கு வெட்டிய சரிவென்றும் வெட்டாத சரிவென்றும் வேறுபாடு இல்லை. ஆயினும் வெட்டிய சரிவு முந்திக்கொள்ளும். வீதி அபிவிருத்தி அதிகார சபையினர் இதனை அறியாதவரல்லர். வெளிநாட்டுக் கடனுதவியோடு மண்சரிவுத் தடுப்பு வேலைகள் இவ்வீதிகளில் நடந்துள்ளன. வலைபோர்த்திய சரிவுகளையும் நீர்வடிகுழாய் பொருத்திய மதில்களையும் இன்று பயணிகள் காணலாம். இவ்வேலைகளுக்குத் திறப்புவிழாக்களிற் கிடைக்கும் புகழ் குறைவு, பயனோ மிகுதி.

அகலத்தின் இன்னொரு விளைவு வெளிப்படையாயினும் பேசப்படுவதில்லை. வளைவைத் திருத்தாமல் தளத்தை மட்டும் அகலமும் மழமழப்பும் ஆக்கினால், சாரதியின் கண் அதனை விரையலாம் என்ற அழைப்பாகவே படிக்கும். குண்டும் குழியுமாயிருந்த காலத்தில் முப்பதிற் சென்றவர் இப்பொழுது அறுபதிற் செல்வார். வளைவோ எருதுக்கு வெட்டிய வளைவாகவே இருக்கும். பழைய வீதி தன் குறைகளாலேயே காவல் செய்தது. அக்காவலை நீக்கிய பின் அதற்கு ஈடாக வைக்கவேண்டியவை, வலிய ஓரத்தடுப்பு, வளைவுக்கு வளைவு எழுதிய வேக எல்லை, காய்ந்த பிறேக்குடன் வருவோன் ஏறி ஒதுங்கும் மணற்பாதை, இரவில் ஒளிரும் குறிகள் என்பன. ஏ 23இல் மோதிய பஸ்ஸைத் தடுக்க இயலாத ஓரத்தடுப்பு எதற்காக நின்றது என்பது கேட்கத்தக்க கேள்வி.

இதுகாறும் பஸ்ஸில் இருப்போரைப் பற்றியே பேசினோம். வீதியோரத்தில் நடப்போர் எஞ்சியுள்ளனர். மலைநாட்டு வீதிகள் தோட்டத்தின் பொருட்டு எழுந்தவை; தோட்டமக்களின் பொருட்டு எழுந்தவையல்ல. 1896ஆம் ஆண்டின் கிளைவீதிச் சட்டமும் 1902ஆம் ஆண்டின் தோட்டவீதிச் சட்டமும் தொழிற்சாலையிலிருந்து பெருவீதிக்குச் சரக்குப் போகும் வழியை அரசும் தோட்டக்காரரும் சேர்ந்து அமைக்க வகைசெய்தன. லயத்திலிருந்து பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழி அவற்றின் கணக்கில் வந்ததில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் நிருவாகம் சென்றது. குறுக்குப்பாதை குறுக்குப்பாதையாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துள் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. வாக்களித்துச் சபை உறுப்பினரைத் தெரிந்தெடுத்த மக்களின் வாயிலுக்கு அச்சபை ஒரு வண்டி சல்லிக்கல் கொட்ட இயலாதிருந்தது. முப்பத்தோராண்டு கழிந்து 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

எனவே கொழுந்து பறித்துத் திரும்பும் பெண்ணும் புத்தகப்பையோடு வரும் பிள்ளையும் தோட்டத்து ஒற்றையடிப் பாதையால் இறங்கிப் பெருவீதிக்கே வருகின்றனர். அங்கே முன்னர் வடிகானுக்கும் தாருக்கும் இடையே ஒரு முழ அளவு புல்விளிம்பு இருந்தது. கரத்தை ஒதுங்கிய இடம் அது. வீதியை அகலமாக்கியபோது முதலில் மறைந்தது அவ்விளிம்பே. இன்று பல இடங்களில் வெள்ளைக்கோட்டை அடுத்து நேரே கொங்கிறீற் வடிகான் வருகின்றது. அதன் மூடியற்ற விளிம்பில் கால்வைத்தே அவர்கள் நடக்கின்றனர்.